இறக்குமதி ரோட்டவேட்டர் வாங்குமுன் ஒரு சோதனை

விலை மலிவாகக் கிடைக்கும் இறக்குமதி ரோட்டவேட்டருக்கு (டிராக்டரில் பூட்டி, சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவி) முன்பணம் கொடுக்குமுன், அதன் கத்தி ஒன்றைக் கழற்றி எடுத்துச் சென்று, உங்கள் ஊர் உதிரிபாகக் கடையில் விற்கும் கத்தியின் மேல் வைத்து, போல்ட் துளைகள் இரண்டும் நேராகப் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். 6208 போன்ற பொது எண்ணாக இருந்தால் எந்தப் பேரிங் கடையிலும் கிடைக்கும்.

கத்தி தேயும் பொருள். மணற்பாங்கான நிலத்திலும் சரளை நிலத்திலும் இன்னும் விரைவாகத் தேயும். மாற்றுக் கத்தி கிடைக்காமல், மழைக்குப் பின் மண் பதமாக இருக்கும் சில நாட்களில் கருவி நின்றுவிட்டால், உள்நாட்டுக் கருவியைவிட மலிவாக வாங்கி மிச்சப்படுத்திய தொகை வாடகை உழவுக்கே போய்விடும். உடைந்த கத்தியைப் பற்றவைத்து ஓட்டுவதோ உயிருக்கே ஆபத்து.

சுழலும் பாகம் இல்லாத சமன்படுத்தும் பலகை போன்றவற்றுக்கு இச்சோதனை தேவையில்லை. இரும்பின் கனமும் பற்றவைப்பும் சரியாக இருந்தால் மலிவானதையே வாங்கலாம்.