ரெகுலேட்டரை யாரிடம் நம்பிச் சர்வீசுக்குக் கொடுப்பது?

புதுச்சேரிக் கடலில் ஸ்கூபா டைவிங் செய்ய, சிலிண்டர் காற்றை மூச்சுவிடத் தகுந்த அழுத்தத்தில் தரும் கருவியான ரெகுலேட்டரைச் சொந்தமாக வாங்கியவர்கள் அடுத்துத் தேட வேண்டியது, அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த, நம்பத்தகுந்த ஒரு மெக்கானிக்கைத்தான். சிலிண்டரில் ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் காற்றை, சுற்றியுள்ள நீரழுத்தத்தைவிடச் சுமார் 9 அல்லது 10 பார் மட்டுமே மிகும்படி குறைத்துத் தருவது, சிலிண்டரோடு இணையும் அதன் முதல் நிலை. அதற்குள் காற்றைக் கசியாமல் அடைக்கும் ஒரு சிறிய ரப்பர் வளையம் (ஓ-ரிங்) பழுதானாலும் மூச்சுக்கான காற்று கசியத் தொடங்கிவிடும்.

டைவிங் மையத்தில் ஒப்படைக்கும்போது, வேலை அங்கேயே நடக்கிறதா, வெளியூருக்கு அனுப்பப்படுகிறதா என்று கேளுங்கள். வெளியூருக்கு அனுப்புவதில் தவறில்லை. யாரிடம் போகிறது என்று சொல்லத் தயங்கினால்தான் ஐயப்பட வேண்டும். உங்கள் பிராண்டுக்கான பயிற்சிச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். அந்த மாடலுக்குரிய அசல் சர்வீஸ் கிட்டையே (மாற்றுப் பாகங்களின் தொகுப்பு) பயன்படுத்த வேண்டும் என்பதையும், கழற்றிய பழைய பாகங்களை உறையிலிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

திரும்பப் பெறும்போது அவசரம் கூடாது. முதல் நிலை குறைத்துத் தரும் அழுத்தத்தைக் காட்டும் அழுத்தமானியை இணைத்து, வாயில் வைக்கும் பகுதியில் காற்றை வெளியேற்ற உள்ள பர்ஜ் பொத்தானைச் சில முறை அழுத்திவிட்டு, முள்ளைச் சில நிமிடங்கள் கவனியுங்கள்: அது ஓரிடத்தில் நிலைக்க வேண்டும். மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால், உள்ளே காற்றை அடைக்கும் வால்வுப் பாகமான சீட் சரியாக அடைக்கவில்லை என்று பொருள். அத்தகைய ரெகுலேட்டரை நான் வாங்கிவர மாட்டேன். அளவுகளை எழுதித் தரும் சீட்டையும் பெற்றுக்கொண்டு, முதல் டைவை ஆழமற்ற நீரில் துணையுடன் செய்யுங்கள்.