பழைய ஸ்டைல்ஷீட்டை வைத்துக்கொண்டே டெயில்விண்ட் 4-க்கு மாறுவது எப்படி?

டெயில்விண்ட் என்பது சின்னச் சின்ன ரெடிமேட் கிளாஸ்களை வைத்து பக்கத்தை வடிவமைக்கும் சிஎஸ்எஸ் ஃப்ரேம்வொர்க். புது ப்ராஜெக்ட் என்றால் அதன் ஆவணமே போதும். இது, நாலைந்து பேர் பல வருடம் கை வைத்த ஸ்டைல்ஷீட்டோடு மாறப் பார்க்கும் டீமுக்கு.

படி 1: நிறுவல். வீட் (Vite, ப்ராஜெக்ட்டை பில்ட் செய்யும் கருவி) பயன்படுத்தினால் அதற்கான டெயில்விண்ட் ப்ளக்இன்னைப் போடுங்கள். போஸ்ட்சிஎஸ்எஸ் (சிஎஸ்எஸ்ஸை மாற்றித் தரும் கருவி) வழியும் உண்டு. வீட் இருக்கும்போது அது வீண் சுற்று. பதிப்பு 4-க்கு குறைந்தது சஃபாரி 16.4, குரோம் 111, ஃபயர்ஃபாக்ஸ் 128 தேவை. உங்கள் வாடிக்கையாளர்கள் அதைவிடப் பழைய பிரவுசரில் இருந்தால் பதிப்பு 3-லேயே இருந்துவிடுங்கள்.

படி 2: லேயர். இங்கேதான் மண்டை காயும். பட்டனுக்கு ஒரு நிற கிளாஸ் சேர்ப்பீர்கள், எதுவும் மாறாது. டெவ்டூல்ஸில் அந்த விதி இருக்கும், ஆனால் கோடு அடித்திருக்கும். பதிப்பு 4 தன் யுட்டிலிட்டி கிளாஸ்களை (ஒரே ஒரு வேலை செய்யும் சின்ன கிளாஸ்கள்) சிஎஸ்எஸ் லேயருக்குள் (விதிகளைப் பலம் வாரியாகப் பிரித்து அடுக்கும் தொகுப்பு) வைக்கிறது. லேயரில் இல்லாத சாதாரண விதி, லேயரில் இருப்பதை எப்போதும் ஜெயித்துவிடும். ஸ்பெசிஃபிசிட்டி (எந்த செலக்டருக்குப் பலம் அதிகம் என்ற கணக்கு) இங்கே கணக்கிலேயே வராது. பழைய ஃபைலில் பட்டன் டேக்குக்கு ஒரே ஒரு வரி இருந்தாலும் உங்கள் கிளாஸ் தோற்கும்.

அதனால் பழைய ஃபைலையும் ஒரு லேயருக்குள் இம்போர்ட் செய்யுங்கள். முதன்மை ஃபைலின் முதல் வரியில் வரிசையை அறிவித்துவிடுங்கள்: தீம், பேஸ், பழசு, காம்போனென்ட்ஸ், யுட்டிலிட்டிஸ். பின்னால் வருவதற்கே பலம் அதிகம். ('பழசு' என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம், சிஎஸ்எஸ் ஏற்றுக்கொள்ளும்.)

படி 3: ப்ரீஃப்ளைட்டை (பிரவுசரின் இயல்பு ஸ்டைல்களை அழிக்கும் டெயில்விண்டின் ரீசெட்) இப்போதைக்கு விடுங்கள். அது தலைப்புகளின் அளவையும் பட்டியல்களின் புள்ளியையும் அழித்துவிடும். பழைய பக்கங்கள் அலங்கோலமாகும். டெயில்விண்டை மொத்தமாக இம்போர்ட் செய்யாமல் தீம், யுட்டிலிட்டிஸ் இரண்டை மட்டும் அதனதன் லேயரில் சேர்த்தால் சரி.

படி 4: டீம் ஒப்பந்தம். கிளாஸ் வரிசைக்கு ப்ரெட்டியரின் (கோடை ஒரே சீராக அடுக்கித் தரும் கருவி) டெயில்விண்ட் ப்ளக்இன்னைக் கட்டாயமாக்குங்கள். ரிவ்யூவில் பாதிச் சண்டை ஓயும். கிளாஸ் பெயரை வேரியபிளால் ஒட்டி உருவாக்கக் கூடாது. டெயில்விண்ட் உங்கள் ஃபைல்களை வெறும் எழுத்தாகத்தான் படிக்கிறது, முழுப் பெயர் எங்காவது இருந்தால்தான் அந்த ஸ்டைல் உருவாகும்.

பின்சேர்க்கை: படி 2 முடிந்தும் சில இடம் மாறவில்லை என்று சிலர் கேட்டிருந்தார்கள். பழைய ஃபைலில் இம்பார்ட்டன்ட் (!important) போட்ட வரிகள் இருக்கிறதா பாருங்கள். இம்பார்ட்டன்ட் வந்தால் லேயர் வரிசை தலைகீழாகிவிடும், முன்னால் இருப்பதே ஜெயிக்கும். டெயில்விண்ட் கிளாஸுக்கு ஆச்சரியக்குறி போட்டு அதையும் இம்பார்ட்டன்ட் ஆக்கினாலும் பயனில்லை. அந்த வரிகளை ஒவ்வொன்றாக நீக்குவதுதான் வழி.