நிறுத்தினால் மட்டும் ஒழுகிய கியர்பாக்ஸ் ஆயில்

பழைய கார், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். சில நாள் நிறுத்தி வைத்தால் அடியில் சிவப்பு ஆயில் தேங்கும். தினமும் ஓட்டினால் சொட்டுக்கூடக் கிடையாது. கியர்பாக்ஸின் அடியிலுள்ள ஆயில் தட்டான பானின் கேஸ்கட், பின்பக்க ஆயில் சீல் இரண்டையும் மாற்றியும் பலனில்லை.

அந்த 'நிறுத்தினால் மட்டும்' என்பதில்தான் விஷயம். கார் நிற்கும்போது டார்க் கன்வர்ட்டரில் (இன்ஜின் சக்தியை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) உள்ள ஆயில் மெல்ல பானுக்கு இறங்கும்; மட்டம் கேஸ்கட்டுக்கும் மேலே ஏறிவிடும். ஓடும்போது மூழ்காத சீல்கள் அப்போது மூழ்கும்.

அடிப்பாகத்தை டிகிரீஸர் போட்டுக் கழுவி, காயவைத்து, டால்கம் பவுடர் தூவிவிட்டேன். முதல் சிவப்புக் கோடு கியர் லிவர் இணையும் ஷாஃப்ட்டைச் சுற்றித் தெரிந்தது. அங்கிருந்த சின்ன ரப்பர் சீல் கல்லாக இறுகிப்போயிருந்தது. புதிய சீலின் உதடு (ஷாஃப்ட்டைக் கவ்வும் உள்விளிம்பு) கிழியாமலிருக்க ஷாஃப்ட் நுனியில் டேப் சுற்றி இறக்கினேன். இப்போது வாரக்கணக்கில் நின்றாலும் ஒழுகவில்லை. அப்பாடா!