மேடையில் அந்த ஒரு நிமிடம்: கல்லூரிப் பளுதூக்கும் வீரர்களின் மனப்பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2014 கிளாஸ்கோ, 2018 கோல்ட் கோஸ்ட் என இரண்டு காமன்வெல்த் போட்டிகளிலும் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கம் நம் வேலூர் சத்துவாச்சாரிக்காரர். பளுதூக்குதல் வேலூருக்குப் புதிதில்லை. ஸ்குவாட்டுக்கும் (எடையோடு உட்கார்ந்து எழுவது) புல்லுக்கும் (தரையிலிருந்து இழுப்பது) வாரக்கணக்கில் அட்டவணை போடுகிற கல்லூரிகள், மனப்பயிற்சி என்றால் மட்டும் போட்டிக்கு மூன்று நாள் முன்பு ஒரு 'மோட்டிவேஷன்' பேச்சு வைத்து முடித்துக்கொள்கின்றன. கைதட்டல் கிடைக்கும், வேறொன்றும் கிடைக்காது. போட்டிக்குக் குறைந்தது ஆறு வாரம் முன்பே, தினப் பயிற்சிக்குள்ளேயே இதைத் தொடங்க வேண்டும்.

அடுத்தது, "டென்ஷன் ஆகாதே" என்று சொல்வது. நெஞ்சு படபடப்பதும் கை வியர்ப்பதும் உடல் தயாராவதன் அடையாளம். அதை அடக்கச் சொன்னால் கவனமெல்லாம் படபடப்பின் மேலேயே போய்விடும். "உடம்பு ரெடியாயிடுச்சு" என்று சொல்லிப் பாருங்கள், அதே படபடப்பு உதவிக்கு வரும். இந்த விளையாட்டில் ஒரேயடியாக அமைதியாகிவிடுவதும் ஆபத்துதான். மந்தமாகப் போனவன் பாரை, அதாவது எடை மாட்டிய கம்பியை, வேகமாக இழுக்க மாட்டான். படபடப்பு மிஞ்சினால் நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடட்டும். நான்கைந்து முறை போதும். அதையும் வார்ம்-அப் அறையில் உட்கார்ந்து செய்ய வேண்டும், பார் முன்னால் நின்றுகொண்டு அல்ல.

பெரும்பாலான சொதப்பல் நடப்பது கடிகாரத்துக்குள். பெயர் அழைத்ததும் ஒரு நிமிடம்; அதற்குள் பார் மேடையை விட்டுக் கிளம்ப வேண்டும். 30 வினாடி மீதி இருக்கும்போது எச்சரிக்கை ஒலி வரும். அந்த நேரத்தில் மாஸ்டர் (பயிற்சியாளர்) ஒரு பக்கம் "முதுகு! முழங்கை! கால்!" என்று கத்த, நண்பர்கள் இன்னொரு பக்கம் கத்த, பையன் எதைக் கேட்பான்? தானாக ஓடுகிற அசைவை ஒவ்வொரு துண்டாக யோசிக்கவைத்தால் அது தடுமாறும். ஒரே ஒரு சொல் போதும்: "கிட்டே" (பார் உடம்பை ஒட்டி வரட்டும் என்று), அல்லது "வேகம்". எது என்பதை அவனே பயிற்சியில் தேர்ந்தெடுக்கட்டும். சாக் (கை வழுக்காமலிருக்கப் பூசும் வெள்ளைப் பொடி) பூசுவது, ஒரு மூச்சு, அந்தச் சொல், பிடி, இழுப்பு. இந்த வரிசை ஒரு நாளும் மாறக்கூடாது. வாரம் ஒருமுறையாவது செல்போனில் 60 வினாடி வைத்து, பக்கத்தில் சத்தம் போடவைத்துப் பழக்குங்கள்.

கற்பனைப் பயிற்சி என்றதும் கழுத்தில் மெடல் தொங்குவதைக் காண்பது வீண். காண வேண்டியது தூக்குதலை: நின்றபடி, ஷூ போட்டு, கையில் சாக்கோடு, நிஜ வேகத்திலேயே. பார் உரசும் இடத்தைக்கூட உணரும் அளவுக்கு. தினம் ஐந்து நிமிடத்துக்கு மேல் தேவையில்லை.

முதல் எடையைக் கௌரவத்துக்காக ஏற்றிக் கொடுப்பது மனப்பயிற்சியையே கெடுக்கும். ஸ்னாட்சில் (ஒரே இழுப்பில் தலைக்கு மேல் தூக்குவது) மூன்று முயற்சியும் போனால், இரண்டு வகைத் தூக்குதலையும் கூட்டிப் பார்க்கும் மொத்தக் கணக்கே கிடையாது. ஒரு முயற்சி தவறினால் எடையைக் குறைக்க முடியாது. உடனே மீண்டும் அவன் முறையே வந்தால் இரண்டு நிமிடம்தான். தூக்கம் கெட்ட நாளிலும் உறுதியாகத் தூக்கக்கூடிய எடையே முதல் எடை. தவறிய பிறகு அந்த இரண்டு நிமிடத்தில் "ஏன்டா விட்டே?" என்று கேட்காதீர்கள். ஒரு திருத்தம் சொல்லிவிட்டு உட்காரவையுங்கள்.

எல்லாவற்றையும் "மைண்ட் பிரச்சினை" என்று தள்ளுவதும் தவறு. வீரரின் உடல் எடை சோதனை போட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்புதான் தொடங்கும். தன் எடைப் பிரிவுக்குள் வருவதற்காக வேலூர் வெயிலில் ஸ்வெட்டர் போட்டு ஓடி, தண்ணீர் குடிக்காமல் வந்தவனுக்குக் கை நடுங்கினால் அது பயம் அல்ல, நீரிழப்பு. செமஸ்டர் நேரத்தில் நாலு மணி நேரம் தூங்கியவனுக்கு மூச்சுப் பயிற்சி மருந்தாகாது.

மாணவன் மனநல ஆலோசகரிடம் பேசியது பி.டி. சார் காதுக்கும், அங்கிருந்து ஹாஸ்டலுக்கும் போய்விட்டால் அடுத்து எவனும் வாய் திறக்க மாட்டான். யார் அணியில் இருப்பது என்று முடிவெடுப்பவரே ஆலோசகராகவும் இருக்கக்கூடாது.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ கெட்டு, பயிற்சிக்கே பிடிப்பில்லாமல் ஒதுங்கினால் அது மாஸ்டர் கையாளும் விஷயமில்லை. பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸ் 14416 எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் பேசலாம். சாவைப் பற்றிப் பேசினால் இரண்டு வாரம் காத்திருக்காமல், தனியே விடாமல், அன்றைக்கே கூட்டிப்போங்கள்.