குடோன் வேலைக்குப் புதுசா? இடுப்பு பிடிக்காமல் பார்சல் தூக்கும் முறை

பெரிய பெட்டியைத் தூக்கினால்தான் இடுப்பு போகும் என்று பலர் நினைக்கிறார்கள். பார்சல் வேலையில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. சுமாரான எடைதான், ஆனால் அதையே ஷிஃப்ட் முழுக்கக் குனிந்து, கையை நீட்டி, உடம்பைத் திருப்பி எடுத்துக்கொண்டே இருந்தால் தசையும், முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் தட்டும் (டிஸ்க்) கொஞ்சம் கொஞ்சமாகச் சேதமாகும்.

1. முதலில் பெட்டியை லேசாகத் தள்ளிப் பாருங்கள். எவ்வளவு கனம், பொருள் எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்று அதிலேயே ஓரளவு தெரிந்துவிடும்.

2. பெட்டியை வயிற்றோடு ஒட்டிப் பிடியுங்கள். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனமான நியோஷ் 1991இல் திருத்திய கணக்குப்படி, எல்லாம் சாதகமாக இருந்தால்கூடத் தூக்க ஏற்ற உச்ச எடை 23 கிலோதான். அதுவும் இரண்டு கணுக்கால்களுக்கும் நடுவிலிருந்து கை பிடிக்கும் இடம் 25 செ.மீ. தூரத்துக்குள் இருந்தால். அதே தூரம் 50 செ.மீ. ஆனால் வரம்பு பாதியாகி 11.5 கிலோவுக்கு வந்துவிடும். பெட்டி அதேதான், முதுகுக்கு மட்டும் இரண்டு மடங்கு வேலை. அதனால் ரேக்கின் உள்ளே இருப்பதை முதலில் விளிம்புக்கு இழுத்துவிட்டு, அப்புறம் தூக்குங்கள்.

3. திரும்ப வேண்டுமா, காலை எடுத்து வையுங்கள். இடுப்பை மட்டும் முறுக்கி 90 டிகிரி திரும்பினால் அந்த வரம்பில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும்.

4. கனமானதை இடுப்பு உயரத்தில் அடுக்குங்கள். தரையிலும் தலைக்கு மேலும் லேசானவை மட்டும். டிராலியை இழுக்காமல் தள்ளுங்கள்.

5. இடுப்பு பெல்ட்டை நம்பி அதிக எடையில் கை வைக்காதீர்கள், அது காயத்தைத் தடுக்கும் என்பதற்குச் சரியான ஆதாரம் இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மணிக்கு இத்தனை பார்சல் என்று நிர்வாகம் விரட்டினால் எவ்வளவு சரியாகத் தூக்கினாலும் உடம்பு தாங்காது. ஓய்வு இடைவேளையும் ஆள்பலமும் கேட்பது சோம்பேறித்தனம் இல்லை, கூச்சப்படாமல் கேளுங்கள்.

வலி தொடங்கிய அன்றே சூப்பர்வைசரிடம் சொல்லி எழுத்தில் பதிய வையுங்கள். நாள் கடந்தால் வேலையில் வந்த வலி என்று காட்டுவது கஷ்டம். காலில் பலம் குறைந்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள், மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.