சீனாவில் கற்பிக்கப் போகும் மட்டக்களப்பு, அம்பாறை ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

மாலைதீவிலும் கட்டாரிலும் கற்பித்துத் திரும்பியவர்கள் நம் ஊர்களில் ஆங்காங்கே இருப்பதால், அந்த நாடுகளுக்கு எதைக் கொண்டு போவது, எதற்கு அஞ்சுவது என்பதை அயல் வீட்டிலேயே கேட்டறியலாம். சீனாவுக்குப் போனவர்கள் மிகச் சிலரே. ஹுனான் மாகாணத்தின் தலைநகரான சாங்ஷாவில், ஓர் உயர்நிலைப் பாடசாலையின் சர்வதேசப் பிரிவில், மூன்று ஆண்டுகள் ஆங்கில மொழிமூலம் கணிதம் கற்பித்துவிட்டு மட்டக்களப்புக்குத் திரும்பிய எனக்கு, புறப்படுமுன் ஒருவர் சொல்லித் தந்திருக்கலாமே என்று பின்னர் தோன்றிய காரியங்களையே இங்கு எழுதுகிறேன். அங்கு அன்றாட வாழ்க்கை முழுவதும் கடவுச்சீட்டில் உள்ள பெயரையும் அந்தப் பெயரில் பதிந்த கைத்தொலைபேசியையும் நம்பி நடக்கிறது. இவ்விரண்டும் ஒழுங்காக இருந்தால் மற்றவற்றைச் சமாளித்துக்கொள்ளலாம்.

முதலில் வேலையைப் பற்றி. ஆங்கிலத்தை ஒரு மொழியாகக் கற்பிக்கும் பதவிகளுக்கு, அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டவரையே சீன விதிகள் எதிர்பார்க்கின்றன. ஆகவே 'எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம்' என்று வரும் ஆங்கில ஆசிரியர் விளம்பரங்களை ஐயத்துடனேயே பார்க்க வேண்டும். நமக்குப் பொருந்தும் வழி, கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல், பொருளியல் போன்ற பாடங்களை ஆங்கிலத்தில் கற்பிக்கும் சர்வதேசப் பிரிவுகளே. லண்டன் உயர்தரப் பாடத்திட்டத்தைக் கற்பித்த அனுபவம் இருந்தால் அது பெரிய பலம். மாலை வகுப்பு நிலையங்களைத் தவிர்ப்பது நல்லது என்பது என் கருத்து. 2021 யூலையில் சீன அரசு, கட்டாயக் கல்விப் பருவ மாணவர்களுக்குப் பாடசாலைப் பாடங்களை இலாப நோக்கில் கற்பிக்கும் தனியார் வகுப்புகளைத் தடைசெய்தது. நம் ஊர் ரியூசன் கொட்டில்கள் அனைத்தையும் ஒரே பருவத்தில் மூடச் சொன்னதற்கு ஒப்பான அந்த நடவடிக்கைக்குப் பின், எஞ்சிய நிலையங்களின் நிலை உறுதியற்றது.

கல்வியாண்டு செப்டெம்பர் 1ஆம் திகதி தொடங்குவதால், ஆவணங்களைச் சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னரே திரட்டத் தொடங்க வேண்டும். பட்டச் சான்றிதழ், குறைந்தது இரண்டு ஆண்டு அனுபவக் கடிதம், பொலிஸ் நற்சான்றிதழ் ஆகியவை பொதுவாக அடிப்படையானவை. வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ பட்டம் பெற்றவர்கள், கற்கைமொழி ஆங்கிலமே என்று பல்கலைக்கழகப் பதிவாளரிடமிருந்து ஒரு கடிதத்தையும் அதே பயணத்தில் பெற்றுக்கொள்ளலாம். இவற்றைக் கொழும்பில் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் சான்றுப்படுத்திய பிறகே சீனத் தூதரகத்துக்குக் கொண்டு போக வேண்டியிருந்தது. நான் ஒழுங்கை மாற்றிச் செய்து, இரவுப் புகையிரதத்தில் இரண்டு முறை வீணாகக் கொழும்புக்குப் போய் வந்தேன். அரச பாடசாலையில் பணியாற்றுபவர், சம்பளமற்ற விடுமுறைக்கு வலயக் கல்விப் பணிமனை ஊடாக விண்ணப்பித்து, அனுமதிக் கடிதம் கைக்கு வரும்வரை விமானச்சீட்டு எடுக்கக் கூடாது. இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவதையும் மறக்கலாகாது.

வீசா விடயத்தில் எந்த இணக்கப்பாட்டுக்கும் இடமில்லை. வேலைக்குப் போகிறவருக்கு உரியது 'இசட்' வகை வீசா மட்டுமே. 'சுற்றுலா வீசாவில் வாருங்கள், வந்த பிறகு மாற்றித் தருகிறோம்' என்று எனக்கும் ஒரு முகவர் சொன்னார். சட்டவிரோதமாக வேலை செய்யும் வெளிநாட்டவருக்கு 5,000 முதல் 20,000 யுவான் வரை தண்டம் என்றும், பாரதூரமான சந்தர்ப்பங்களில் 5 முதல் 15 நாள் வரை தடுத்துவைப்பு என்றும் சீனச் சட்டம் சொல்கிறது. அந்த முகவர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. முறையான பாடசாலை முதலில் வேலை அனுமதி அறிவித்தற் கடிதத்தை அனுப்பும். அதைக் கொண்டே வீசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஒப்பந்தம் ஆங்கிலத்திலும் சீனத்திலும் இருக்கும். முரண்பாடு எழுந்தால் சீனப் பிரதியே செல்லும் என்ற வாசகம் பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் இருக்கும் என்பதால், சீனப் பிரதியை வேறொருவரிடம் கொடுத்து வாசிக்கச் செய்த பிறகே கையொப்பமிட வேண்டும்.

இனி, பெயர். தமிழர் பெயர்களில் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. தந்தையின் பெயர் முன்னும் தன் பெயர் பின்னுமாக, சில வேளைகளில் முப்பது எழுத்துகளையும் தாண்டி, நம் கடவுச்சீட்டுகளில் பெயர் நீண்டு கிடக்கிறது. கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் வாசிக்கும் வரியில் பெயருக்கு 39 இடங்கள் மட்டுமே உண்டு. அதற்கு மேற்பட்டது வெட்டப்படும். வங்கி எழுதுவினைஞர் ஒருவர் முழுப் பெயரைப் பதிவார், தொலைபேசிக் கடையில் உள்ளவர் இயந்திரம் காட்டிய வெட்டுண்ட பெயரைப் பதிவார், புகையிரதச் செயலி இடைவெளிகளை நீக்கிவிடும். பிறகு கணக்கும் இலக்கமும் ஒருவருடையவை அல்ல என்று கணினி மறுக்கும். எனக்கு இவ்வாறு ஒரு மாதச் சம்பளம் பதினொரு நாள் தடைப்பட்டது. ஆகவே முதன்முதலில் பதிவு செய்யும் இடத்திலேயே, பெயர் எந்த ஒழுங்கில், எத்தனை இடைவெளிகளுடன், எல்லாம் பெரிய எழுத்திலா என்பதைத் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, அடுத்த எல்லா இடங்களிலும் அதையே காட்ட வேண்டும். மாணவர்கள் அழைப்பதற்கு இரண்டு அசையில் ஒரு சீனப் பெயரைச் சூட்டிக்கொள்வது நல்ல வழக்கம். ஆனால் அதை எந்தப் படிவத்திலும் எழுதக் கூடாது. 'ழ'வுக்கு இசட், எச் என்ற எழுத்துகளைப் பயன்படுத்திய பெயருள்ளவர்கள் இன்னொன்றையும் எதிர்பார்க்கலாம்: அவ்விரு எழுத்துகளையும் சீனர் 'ஜ' போலவே ஒலிப்பர்; யாழினி அங்கு யாஜினி ஆவாள்.

போய் இறங்கியதும் செய்யும் காரியங்களின் ஒழுங்கு முக்கியம். ஹோட்டலில் தங்கினால் உங்கள் தங்குமிடத்தை ஹோட்டலே பொலிஸில் பதியும். பாடசாலை தந்த வீட்டில் தங்கினால் 24 மணித்தியாலத்துக்குள் அப்பகுதிப் பொலிஸ் நிலையத்தில் பதிய வேண்டும், வீடு மாறும்போதும் அவ்வாறே. 30 நாட்களுக்குள் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும்; அதற்கு முன் இரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் உள்ள மருத்துவச் சோதனை நடக்கும். விண்ணப்பித்ததும் கடவுச்சீட்டைப் பொலிஸார் வாங்கி வைத்துக்கொண்டு ஒரு பற்றுச்சீட்டுத் தருவர். கடவுச்சீட்டு திரும்பி வர இரண்டு மூன்று வாரங்கள் ஆகலாம். கடவுச்சீட்டு இல்லாமல் சிம் அட்டையும் வங்கிக் கணக்கும் கிடைப்பது கடினம் என்பதால், சிம் அட்டையை முதல் இரண்டு நாட்களுக்குள்ளேயே வாங்கிவிட வேண்டும், வங்கிக் கணக்கையும் இயன்றால் அப்போதே திறந்துவிட வேண்டும். பாடசாலையில் வெளிநாட்டு ஆசிரியர்களைப் பார்த்துக்கொள்ளும் அலுவலர் பெரும்பாலும் கடவுச்சீட்டை உடனே கேட்பார். 'நாளை தருகிறேன்' என்று பணிவாகச் சொல்வதில் தவறில்லை.

சந்தையில் கீரை விற்கும் மூதாட்டியும் கியூஆர் குறியீட்டை நீட்டும் நாடு அது. பேசவும் பணம் செலுத்தவும் உதவும் வீசட் (WeChat), பணம் செலுத்த உதவும் அலிபே (Alipay) ஆகிய இரண்டு செயலிகளையும் இங்கிருந்தே இறக்கி, நம் வங்கியின் வீசா அல்லது மாஸ்டர் அட்டையை இணைத்துக்கொண்டு போனால் முதல் வாரம் பட்டினி கிடக்க நேராது. கூகுள், வட்ஸ்அப், பேஸ்புக், யூடியூப் எவையும் அங்குள்ள இணைப்பில் இயங்கா. எனவே புறப்படுமுன் வீட்டில் உள்ள ஒருவருடைய தொலைபேசியிலாவது வீசட்டை நிறுவி, அதில் அழைத்துப் பேசப் பழக்கிவிட வேண்டும். புதிய கணக்கை உறுதிப்படுத்த, ஏற்கெனவே வீசட் வைத்திருக்கும் ஒருவரின் உதவியை அது கேட்பதுண்டு. கடைசி இரவில் இந்த வேலையைத் தொடங்கியவர்கள் தாயின் குரலைக் கேட்க இரண்டு வாரம் காத்திருந்திருக்கிறார்கள். இலங்கை சிம்மையும் ரோமிங் வசதியுடன் உயிரோடு வைத்திருக்க வேண்டும். நம் வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவு எண் அதற்கே வரும். ரோமிங் இணைப்பு நம் நாட்டு வலையமைப்பு வழியே செல்வதால், அவசரத்துக்கு வட்ஸ்அப்பும் அதில் திறக்கும், ஆனால் செலவு அதிகம். சீன நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணித்தியாலம் முந்தியது. கல்லடியில் இரவு எட்டு மணிச் செய்தி முடிந்து அம்மா அழைக்கும்போது உங்களுக்குப் பத்தரை மணி தாண்டியிருக்கும். காலை ஏழரைக்கு வகுப்பு என்பதை முன்கூட்டியே சொல்லி வைக்கவும்.

பாடசாலையில் உங்களை 'லாவோஷி' என்று அழைப்பார்கள். நம் பிள்ளைகள் சொல்லும் சேர், ரீச்சர் இரண்டுக்கும் அது ஒன்றே. செப்டெம்பர் 10 அங்கு ஆசிரியர் தினம். வேலையில் சேர்ந்து பத்தாவது நாளே பூங்கொத்து வரும், திகைக்க வேண்டாம். மதிய உணவுக்குப் பின் பிள்ளைகள் மேசையில் தலை சாய்த்து உறங்குவர், ஆசிரியர்களும் உறங்குவர். அந்த நேரத்தில் எவருக்கும் தொலைபேசி எடுப்பது மரியாதைக் குறைவு. 'கேள்வி உண்டா?' என்று வகுப்பைப் பார்த்துக் கேட்டால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள், ஆனால் மணி அடித்ததும் மேசையைச் சூழ்ந்துகொள்வார்கள். ஆகவே பாடம் முடிந்த பின் பத்து நிமிடத்தை ஒதுக்கி வைக்க வேண்டும். ஒரு மாணவனைப் பலர் முன்னிலையில் கண்டிப்பது அங்கு நம் ஊரைவிடப் பெரிய அவமானம். தனியே அழைத்துச் சொன்னால் அன்றே திருந்துவான். அரசியலையும் மதப் போதனையையும் வகுப்பறைக்குள் கொண்டுவரவே கூடாது.

முதல் பாடத்தில் உங்களை அறிமுகப்படுத்தச் சொல்வார்கள். 'இலங்கை' என்றால் தேயிலை என்று தொடங்கும் வழக்கமான படங்களுக்குப் பதிலாக நான் காலி மும்மொழிக் கல்வெட்டின் படத்தைக் காட்டினேன். சீனக் கடலோடி ஜெங் ஹ 1409ஆம் ஆண்டுத் திகதியுடன் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் பொறிக்கச் செய்த கல் அது. 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டு, இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. ஜெங் ஹ பற்றி அந்தப் பிள்ளைகள் வரலாற்றுப் பாடத்தில் படித்தவர்கள். தங்கள் எழுத்துக்குப் பக்கத்தில் நம் எழுத்தைப் பார்த்ததும் வகுப்பு வாய் திறந்தது. ஆவணங்களுக்காகக் கொழும்புக்குப் போகும் நாளில் அங்கு சென்று கல்லை நேரில் பார்த்துவிடலாம்.

உணவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஹுனானில் உறைப்பு நம் உறைப்புக்குக் குறைந்ததன்று; சோறும் உண்டு. ஆனால் இலைக்கறியைக்கூடப் பன்றிக் கொழுப்பில் வதக்குவது அங்கு வழக்கம், தோஃபு என்ற சோயாக் கட்டியின் மேல் அரைத்த இறைச்சியைத் தூவுவதும் வழக்கம். ஆகவே சைவ உணவுக்காரர் 'மரக்கறி' என்று கேட்டால் போதாது. இறைச்சி, மீன், பன்றிக் கொழுப்பு எதுவும் வேண்டாம் என்பதைச் சீன எழுத்தில் எழுதுவித்துத் தொலைபேசியில் படமாக வைத்துக் காட்ட வேண்டும். காத்தான்குடி, அக்கரைப்பற்று, சம்மாந்துறையிலிருந்து வரும் முஸ்லிம் ஆசிரியர்கள் 'சிங்ஜென்' என்ற சொல்லையும் அதன் எழுத்துகளையும் மனத்தில் பதித்துக்கொள்ளட்டும்; ஹலால் என்பதற்கு அதுவே சொல். லன்ஜோ மாட்டிறைச்சி நூடில்ஸ் கடைகள், முஸ்லிம்கள் நடத்துபவையாக, ஏறத்தாழ எல்லா நகரங்களிலும் இருக்கின்றன. வீட்டில் பிட்டு அவிக்க எண்ணுபவர் அரிசி மாவை வாங்கும்போது பெயரைப் பார்த்து வாங்க வேண்டும்: 'நுவோமிஃபென்' பசைத் தன்மையுள்ள மா, அதில் பிட்டு அவித்தால் களியாகிவிடும், 'ஜான்மிஃபென்' என்பதே நமக்கு உரியது. தேங்காய்ப் பாலிலும் இதே சிக்கல் உண்டு. 'யெஜ்' என்று பெயர் முடியும் போத்தலில் இருப்பது இனிப்புப் பானம். சொதிக்கு உரியது 'யெஜியாங்'. மிளகாய்த்தூள், கறித்தூள், இடியப்ப உரல் மூன்றையும் இங்கிருந்தே கொண்டு போகலாம். இறைச்சி, பழம், பச்சைக் காய்கறி, விதை ஆகியவை சுங்கத்தில் பறிக்கப்படும் என்பதால் கறிவேப்பிலையை நிழலில் உலர்த்திக் கொண்டு போவதே பாதுகாப்பு. கட்டித்தயிருக்கு மாற்று எதையும் நான் கண்டுபிடிக்கவில்லை.

குளிரைப் பற்றி நம்மவர்கள் தவறாகக் கணிப்பதுண்டு. பெய்ஜிங் போன்ற வட நகரங்களில் குளிர்காலத்தில் வீடுகளை மையச் சூடாக்கும் வசதி உண்டு. சின்லிங் மலைக்கும் ஹுவாய் ஆற்றுக்கும் தெற்கே பெரும்பாலும் இல்லை. எனவே வாடைக்கே போர்வை தேடும் நாம், தெற்கு நகரத்தைத் தேர்ந்தால் குளிர் குறைவு என்று எண்ணிப் போய், வீட்டுக்குள்ளேயே மேலங்கியுடன் இருக்க நேரும். தடித்த உள்ளாடைகளை அங்கேயே வாங்குவது மலிவு.

வைத்தியசாலையில் முதலில் பதிவுக் கட்டணம், பிறகு வைத்தியர், பிறகு பரிசோதனைக்குப் பணம், அதன் பின்னரே பரிசோதனை என்ற ஒழுங்கு இருக்கும். கடவுச்சீட்டு இல்லாமல் பதிய முடியாது. அவசர இலக்கங்களை இன்றே மனனம் செய்யுங்கள். இலங்கையில் பொலிஸுக்கு 119, தீயணைப்புக்கு 110; சீனாவில் பொலிஸுக்கு 110, தீயணைப்புக்கு 119. அம்புலன்ஸுக்கு 120.

நீண்ட விடுமுறைகளுக்கு ஈடாக அதற்கு முந்திய அல்லது பிந்திய சனி, ஞாயிறு ஒன்றில் வேலை செய்ய வேண்டியிருக்கும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் விடுமுறை இல்லை, முன்கூட்டியே கேட்டுப் பெற வேண்டும்.

வீட்டுக்குப் பணம் அனுப்புவதற்கு, மாதந்தோறும் சம்பளச் சீட்டையும் வரி செலுத்திய சான்றையும் சேர்த்து வைக்க வேண்டும். அவை இல்லாவிட்டால் நாளொன்றுக்கு 500 டொலருக்குச் சமமான தொகைக்கு மேல் மாற்ற முடியாது. வேலையை விட எண்ணினால் 30 நாட்களுக்கு முன் எழுத்தில் அறிவித்து, விலகற் சான்றிதழையும் வேலை அனுமதி இரத்துச் சான்றிதழையும் கையில் பெற்ற பிறகே பெட்டியைக் கட்ட வேண்டும்; இவை இல்லாமல் அடுத்த பாடசாலை உங்களைச் சேர்க்க முடியாது. கடைசி வாரத்தில் பலர் சிம்மை முதலில் நிறுத்திவிடுகிறார்கள். வங்கிக் கணக்கை மூடுவதற்கான உறுதிப்படுத்தல் குறுஞ்செய்தி அந்த இலக்கத்துக்கே வரும் என்பதால், கணக்கை மூடிய பின்னரே சிம்மை நிறுத்த வேண்டும்.