திருச்சபை அச்சகம் ஒன்றின் வரலாற்றை எழுதும் முறை

திருச்சபையைச் சேர்ந்த அச்சகத்துக்கோ பதிப்பகத்துக்கோ வரலாறு எழுத முற்படுவோர், அது யாருடைய அச்சகம் என்ற கேள்வியை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஆண்டுவிழா மலர்கள் இதற்கு ஒரே வரியில் விடை தந்துவிடும். ஆவணங்கள் அவ்வளவு எளிதில் தருவதில்லை. தரங்கம்பாடியையே எடுத்துக்கொள்வோம். 1706-இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கும் புளூட்சோவும் டென்மார்க் மன்னர் அனுப்பிய லுத்தரன் மிஷனரிகள். அவர்களுக்கு அச்சுப்பொறியை அனுப்பியதோ லண்டனிலிருந்த ஆங்கிலிக்கன் சங்கமான எஸ்.பி.சி.கே. தமிழ் அச்செழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு 1713-இல் வந்து சேர்ந்தன. ஆகவே பணம் கொடுத்தவர், உடைமையாளர், அச்சிட்டவர் ஆகிய மூவரையும் தொடக்கத்திலிருந்தே தனித்தனியாகக் குறித்துவர வேண்டும்.

அடுத்து, அச்சகத்தின் பெயரைப் பின்தொடர்வதைவிட அதன் தளவாடங்களைப் பின்தொடர்வது பயன் தரும். 1761-இல் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமானபோது அங்கே கைப்பற்றப்பட்ட அச்சுப்பொறி, அரசாங்கத்தின் அச்சு வேலைகளையும் செய்துதர வேண்டும் என்ற நிபந்தனையோடு சென்னை வேப்பேரியிலிருந்த போதகர் ஃபப்ரிசியஸிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருடைய அகராதி 1779-இல் வேப்பேரியில்தான் அச்சாயிற்று. பிரெஞ்சு அரசின் பொறி, ஜெர்மானிய லுத்தரன் போதகர், ஆங்கிலிக்கன் சங்கத்தின் ஆதரவு, கிழக்கிந்தியக் கம்பெனியின் நிபந்தனை என நான்கும் அங்கே ஒரே கூரையின்கீழ் இருந்தன. அதுபோலவே, சென்னையிலிருந்த சர்ச் மிஷன் அச்சகத்தை 1838-இல் அமெரிக்க மிஷன் விலைக்கு வாங்கியது. அங்கே ஹண்ட் என்ற அச்சாளரின் பொறுப்பில் வின்சுலோவின் தமிழ்-ஆங்கில அகராதி 1862-இல் வெளிவந்தது. 1866-இல் அந்த அச்சகம் எஸ்.பி.சி.கே.யின் கைக்கு மாறி, பின்னர் டயோசிசன் பிரஸ் என்று அறியப்பட்டது. சபைப் பிரிவுகளின் கோட்பாட்டு வேறுபாடுகள் ஒருபுறம் இருக்க, ஈய எழுத்துகள் அந்த எல்லைகளைத் தாராளமாகத் தாண்டிச் சென்றிருக்கின்றன. இந்தக் கைமாற்றங்களை ஆண்டுவாரியாக ஒரு பட்டியலில் எழுதி வைத்துக்கொண்ட பிறகே கதையைச் சொல்லத் தொடங்குவது நல்லது.

மூன்றாவதாக, மிஷன் அறிக்கைகளை எவ்வாறு வாசிப்பது என்பதைப் பழகிக்கொள்ள வேண்டும். ஹாலேயில் 1710 முதல் தொடர்ந்து அச்சிடப்பட்ட தரங்கம்பாடி அறிக்கைகள் ஐரோப்பாவிலிருந்த நன்கொடையாளர்களுக்காகத் தொகுக்கப்பட்டவை என்பதால், அவற்றில் தோல்விகள் மென்மையாகவும் வெற்றிகள் உரத்தும் ஒலிக்கும். ஆனால் அவற்றில் பொருள்களைப் பற்றி வரும் செய்திகளைப் பெரும்பாலும் நம்பலாம். ஹாலேயில் வார்த்த எழுத்துகள் அளவில் பெரியவை; அவற்றைக் கொண்டு அச்சிட்டால் கையிருப்பிலிருந்த காகிதம் போதாது. எனவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள், அதற்கு, எஸ்.பி.சி.கே. அனுப்பிய பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈயத்தையும் உருக்கிப் பயன்படுத்தினார்கள். புதிய ஏற்பாடு 1714, 1715 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்ததையும், பொறையாற்றில் காகித ஆலை அமைக்க முயன்றதையும் இந்தத் தட்டுப்பாட்டோடு சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கிக்கொள்ள முடியும். காகிதம், ஈயம், கப்பல் ஆகிய மூன்றையும் பற்றிய வரிகளைத் தவறாமல் குறிப்பெடுக்க வேண்டும் என்பதே என் ஆலோசனை. எடுத்துக்காட்டாக, 1711-இல் எஸ்.பி.சி.கே. அனுப்பிய அச்சுப்பொறி, அதை ஏற்றிவந்த கப்பல் பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கியதால் மறு ஆண்டுதான் சென்னையை அடைந்தது. அதனுடன் புறப்பட்ட அச்சாளர் வழியிலேயே இறந்துபோனார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு வந்துவிட்டால் வேலை எளிதாகும். ஜான் மர்டாக் 1865-இல் தொகுத்த தமிழ் அச்சு நூற்பட்டியில் தொடங்கலாம். 1867-ஆம் ஆண்டின் அச்சக, நூல் பதிவுச் சட்டம் வந்த பிறகு, அச்சிட்டவரின் பெயரும் இடமும் நூலிலேயே இடம்பெற வேண்டும் என்றாயிற்று. பக்க எண்ணிக்கை, அச்சிட்ட படிகள், விலை ஆகியவை மாகாண அரசின் காலாண்டுப் பட்டியல்களில் ஏறின. அச்சகம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டதை இந்தப் பட்டியல்களோடு ஒப்பிட்டால், எது உண்மையில் விற்பனைக்காக அச்சிடப்பட்டது, எது இலவசமாக வழங்கப்பட்ட துண்டுநூல் என்பதை ஓரளவு ஊகிக்கலாம்.

எழுத்துக்கோத்தவர்கள், மெய்ப்புப் பார்த்த முன்ஷிகள் (மொழியாசிரியர்கள்), நூல்களைக் கட்டடம் செய்தவர்கள் ஆகியோர் அறிக்கைகளில் பெரும்பாலும் பெயரின்றியே வருகிறார்கள். சம்பளக் கணக்குகளையும் சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளையும் இணைத்துப் பார்ப்பதே அவர்களைத் தேடுவதற்கு ஏற்ற வழி. இது மெதுவான வேலைதான். ஆயினும் இதைத் தவிர்த்து எழுதப்படும் வரலாறு மிஷனரிகளின் வாழ்க்கைக் குறிப்பாகவே சுருங்கிவிடும்.

தரங்கம்பாடி ஆவணங்களுக்கு ஹாலேயிலுள்ள ஃபிராங்கே நிறுவனக் காப்பகத்தையும், எஸ்.பி.சி.கே.யின் பழைய ஆவணங்களுக்குக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தையும், அமெரிக்க மிஷனின் கடிதங்களுக்கு ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்தையும் நாடலாம். தேடும்போது தரங்கம்பாடியை ‘டிராங்கிபார்’ என்ற பெயரிலும், அக்கால நூல்களின் மொழியான தமிழை ‘மலபார்’, ‘டமூல்’ ஆகிய பெயர்களிலும் தேடிப் பார்க்க வேண்டும். பழைய பட்டியல்களில் பல நூல்கள் அந்தப் பெயர்களின்கீழ்தான் இருக்கின்றன.